கொலம்பஸின் கடைசி வரிசை

திருப்போரூர்
14.6.1998

அன்புள்ள தம்பி தமிழ்வாணனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்பால் நன்றாக இருக்கிறோம். ஓசூர் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? மெஸ் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். முடியாவிட்டாலும் சாப்பிடு.

கோவளம் தாண்டி ஜாலி பே என்று ஒரு பூங்கா திறந்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். உன் மச்சானுக்கு அன்று லாரி ஓட்டம் இல்லை. எனக்கு இது நாலாவது தடவை. ஆறு வயசுக் காயத்ரிக்காகப் போகிறோம் என்று தெருவில் நினைக்கிறார்கள். நான் எனக்காகத்தான் போகிறேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஜயண்ட் வீல் சுத்த வேஸ்ட். மேலே போனால் கடல் தெரியும், அவ்வளவுதான். கடலை நான் மாமல்லபுரம் பஸ்ஸிலிருந்தே பார்க்கிறேன். டோரா டோராவில் ஏறினால் வாந்தி வரும், வேறொன்றும் வராது. டாஷிங் கார் காலேஜ் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொள்வதற்கு. கொலம்பஸ் மட்டும்தான் உருப்படி. அந்தக் கப்பலிலும் நடுவில் உட்காருகிறவர்கள் வீட்டில் தூளி கட்டி ஆடிக்கொள்ளலாம். கடைசி வரிசையில் உட்கார வேண்டும். கப்பல் உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும் பார், அப்போது வயிறு வேறு, நாம் வேறு. நான் வாய்விட்டுக் கத்தினேன். மூன்றாவதும் பெண்ணா என்று எனக்கு வேண்டா என்று பேர் வைத்த நாளிலிருந்து நான் சத்தம் போடாமலே வளர்ந்தவள். மாமியார் முன்னாலும் சரி, எங்கள் எஸ்.டி.டி. பூத்துக்கு வருகிறவர்கள் முன்னாலும் சரி, குரலை உயர்த்தியதில்லை. அங்கே எவ்வளவு கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. சாம்பார் சாதம் என்று ஒன்று தருகிறார்கள், கரண்டியோடு சேர்ந்து வருகிறது. நான் வீட்டிலிருந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன். உள்ளே சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட விடுகிறார்கள். மிளகாய் பஜ்ஜியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

இதை எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்காக. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் ஆபரேட்டர் வேலைக்குத் தேவை என்று கேட்டில் போர்டு வைத்திருக்கிறார்கள். நீ ஃபிட்டர் படித்துவிட்டு அங்கே காண்டிராக்டில் ஏன் கிடக்கிறாய்? கொலம்பஸை ஓட்டுகிறவர் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறார். எதிரில் வரிசைக்கு ஒரு பச்சை விளக்கு. மடிக்கு மேலே வரும் கம்பி பூட்டிக்கொண்டால் அந்த வரிசையின் விளக்கு எரியும். எல்லா விளக்கும் எரிந்தால்தான் பொத்தானை அழுத்துகிறார். வேலியோரம் நின்று அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூண்டில் என் தம்பி நின்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். லீவு சொல்லிவிட்டு உடனே வா.

அன்புடன் அக்கா,
வேண்டா


திருப்போரூர்
20.8.2006

தமிழ்வாணனுக்கு,

துபாயிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. போட்டோவும் கிடைத்தது. பெரிய ரோலர் கோஸ்டர் முன்னால் யூனிஃபார்மோடு நிற்கிறாய். உடம்பு போட்டிருக்கிறாய். உன் மச்சான் போட்டோவைக் கையில் வாங்கவில்லை.

மூன்று வருஷத்தில் நீ எழுதிய முதல் கடிதம். நாலு பக்கம். எல்லாரையும் விசாரித்திருக்கிறாய். நம் வீட்டு மாட்டைக்கூடக் கேட்டிருக்கிறாய். ஜாலி பே எப்படி இருக்கிறது, புது ரைடு ஏதாவது வந்ததா என்று கேட்டிருக்கிறாய். காயத்ரி எந்த வகுப்பு என்று கேட்டிருக்கிறாய். நாலு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அம்சா என்ற பேர் எங்கேயும் இல்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போன புதன்கிழமை பூத்தைச் சாத்திவிட்டு நான் தனியாக ஜாலி பே போனேன். அந்த மே மாதத்துக்குப் பிறகு உள்ளே கால் வைத்தது அன்றைக்குத்தான். சுனாமியில் கடல் பக்கத்துச் சுவரும் சவுக்கு மரங்களும் போய்விட்டன. அந்த இடத்தில் ஃபுட் கோர்ட் கட்டியிருக்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு இப்போது கூடாது. கேட்டில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவின் எலுமிச்சை சாதத்தை வாங்கிக் குப்பை டிரம்மில் கொட்டினார்கள். அவள் குழந்தை டிரம்மை எட்டிப் பார்த்தது. உள்ளே பீட்சா விற்கிறார்கள், ஊறிப்போன சப்பாத்தியில் தக்காளி சாஸ். மிளகாய் பஜ்ஜி எண்ணெய் டீ நிறத்தில் இருக்கிறது. பாதி தின்றுவிட்டுப் போட்டுவிட்டேன். டோரா டோரா துருப்பிடித்து நிற்கிறது, ஓட்டவும் வக்கில்லை, பிரித்துப் போடவும் மனசில்லை. எங்கே பார்த்தாலும் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். பக்கத்தில் ஒருத்தர் கத்தினாலும் கேட்காது.

கொலம்பஸும் இருக்கிறது. பேரை மாற்றிவிட்டார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்து, மண்டை ஓட்டுக் கொடி ஏற்றி, என்னவோ கேப்டன் என்று எழுதியிருக்கிறார்கள். பேரை மாற்றினால் ஊர் மறந்துவிடும் என்று யாரோ யோசனை சொல்லியிருப்பார்கள். ஊர் மறந்துதான் போயிற்று. வெயிலில் அவ்வளவு நீளத்துக்குக் கூட்டம்.

நானும் நின்று கடைசி வரிசையில் ஏறினேன். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண், இருபது வயசு இருக்கும், வரிசை வரிசையாக வந்து ஒவ்வொரு கம்பியையும் இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். என் கம்பியையும் இழுத்தாள். அசையவில்லை. என் முகத்தைப் பார்த்து, "இன்னா ஆன்ட்டி, பயமா கீதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மொத்தக் கப்பலுக்கும் அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தமிழ்வாணா. அப்புறம் கப்பல் உச்சிக்குப் போயிற்று. எல்லாரும் கத்தினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை.

காயத்ரி ஒன்பதாவது படிக்கிறாள். அம்சாவும் அதே வகுப்புதான். தினம் காலையில் காயத்ரி, கோயில் வாசலில் பூ விற்கும் அம்சாவின் அம்மா ஜெகதாம்பாள் வீட்டுக்குப் போய், அம்சாவின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவள் நடைக்கு நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். மழையானாலும் காய்ச்சலானாலும் நிறுத்தியதில்லை. என்ன பெரிய மனசு உங்கள் பெண்ணுக்கு என்று டீச்சர் என்னிடம் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜாலி பே கம்பெனி அம்சாவுக்குச் செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தது. கொடுப்பதைப் போட்டோ பிடித்துப் பேப்பரிலும் போட்டார்கள். வளர்கிற பிள்ளை, அந்தக் கால் இப்போது அவளுக்குக் குட்டையாகிவிட்டது. அதைப் போட்டோ எடுக்க யாரும் வரவில்லை.

போன மாதம் காயத்ரிக்குச் சுடிதார் துணி எடுக்கக் கேளம்பாக்கம் போனோம். பஸ்ஸில் அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடிக்க மாட்டாள். மூன்று வருஷமாக எந்தக் கம்பியையும் தொடுவதில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்காருவாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவந்தேன். அன்றைக்கு மாடு ஒன்று குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் கையும் கம்பிக்குப் போயிற்று. இவள் கை எழவில்லை. முகம் நேராகப் போய் இடித்து முன்பல் பாதி உடைந்துவிட்டது. தாவணியெல்லாம் ரத்தம். அப்போதும் கை தொடைக்கு அடியிலேயே இருந்தது.

பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். நீ கம்பியைத் தூக்கவில்லை, பூட்டுதான் பிடிக்கவில்லை, உன் மாமாவே அதை என்னிடம் சொன்னான் என்றேன். அவள் வாயில் பஞ்சு. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீ அம்மா, அப்டிதாம்மா சொல்லுவ. மாமா அங்கயே நின்னுகினு இருந்தாரு. என்னைத் தோள்ல தூக்கினு திரிஞ்சவரு, எனக்கு எதிரா பொய் எழுதிக் குடுப்பாரா இன்னா? நான்தான் தூக்கியிருப்பேன். எனக்குதான் ஞாபகம் இல்ல."

உன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீ என்னிடம் சொன்னதை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. விபத்து நடந்த மறுநாள் காலை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. உள்ளே அம்சாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் வந்து சொன்னார்கள். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "கடசி வரிசை லாக்கு ஒரு வாரமா புடிக்கலக்கா. பச்ச லைட்டே எரியல. மேனேஜரு கைல சொன்னேன். லீவு சீசன் முடியட்டும், அப்டியே ஓட்டுன்னுட்டாரு. ரெண்டு பொண்ணுங்களும் கடசி வரிசைதான் வேணும்னு அடம் புடிச்சுதுங்க. ஒண்ணும் ஆவாதுன்னு ஓட்டிட்டேன்." கம்பி தானாக எழும்பியபோது காயத்ரியின் கைக்குப் பக்கவாட்டுப் பிடி கிடைத்தது. அம்சாவின் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் விசாரணையில் நீ எழுதிக் கொடுத்ததை எல்லார் முன்னாலும் படித்தார்கள். இரண்டு சிறுமிகளில் ஒருத்தி விளையாட்டாகக் கம்பியைத் தூக்கினாள், அவள் என் சொந்த அக்கா மகள், ஆகவே பொய் சொல்ல எனக்குக் காரணம் இல்லை என்று இருந்தது. காயத்ரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். ஜெகதாம்பாள் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தக் கடைசி வரியை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டு மாதத்தில் உனக்கு விசா வந்தது.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. உன் மச்சான் அந்த அறையிலேயே எழுந்து சண்டைக்குப் போனார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பதினோரு வயசுப் பிள்ளையை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், நாலு நாளில் மறந்துவிடும், தம்பி ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். உன்னை அந்த வேலைக்குக் கூப்பிட்டவளும் நான். கடைசி வரிசையில் உட்கார்ந்தால்தான் கொலம்பஸ் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான். அதற்கெல்லாம் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நீ சொன்னால்தான் நம்புவாள்.

அதனால் ஒரு கடிதம் எழுது. காயத்ரி பேருக்கே எழுது, என் பேருக்கு வேண்டாம். விதி என்று எழுதாதே. எனக்கு வேறு வழியில்லை என்று எழுதாதே. மன்னிப்புக் கேட்பதை அப்புறம் வைத்துக்கொள். பூட்டு ஒரு வாரமாகப் பிடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் ஓட்டினேன், நீ கம்பியைத் தொடவே இல்லை. இதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. போனில் சொல்லாதே. போனில் கேட்டதை அவள் மறுநாள் சந்தேகப்படுவாள். கையில் காகிதம் இருந்தால் திரும்பத் திரும்பப் படிப்பாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிதம் வந்தால் அவள் அதை அம்சாவிடம் காட்டுவாள். அம்சா ஜெகதாம்பாளிடம் காட்டுவாள். அதற்குப் பிறகு அது எந்த அலுவலகத்துக்குப் போகும், உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் தடுக்க மாட்டேன். ஒரு தடவை தடுத்தது போதும்.

வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் வீட்டில் உள்ளவர்கள் பேரையெல்லாம் சொல்லிக் கும்பிடுகிறேன். அம்சா பேரையும் சொல்கிறேன். உன் பேரிடம் வரும்போது நாக்கு நின்றுவிடுகிறது. கூடப் பிறந்தவன் பேரை விட்டுவிட்டுக் கும்பிடுவது எனக்கு நன்றாக இல்லை, தம்பி. எழுது.

வேண்டா