ஓடாத மெஷினுக்கு முழுத் திருப்தி

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வாசல் பக்கம் எடுத்துப் போய்ச் சாப்பிடுங்கள். வாஷிங் மெஷின் அடிக்கிற நாற்றத்தில் உள்ளே ஒரு வாய் இறங்காது. ஒன்பது நாளாகக் கதவு திறக்காமல், அழுக்குத் தண்ணீரில் நம் துணியெல்லாம் ஊறி அழுகுகிறது.

கம்பெனிக்குப் போன் செய்தால், "ரிப்பேர் சரியாயிடுச்சு, முழு திருப்தின்னு உங்க வீட்டுக்காரர் கையெழுத்து போட்டிருக்காரே மேடம்" என்று இளிக்கிறான். மெக்கானிக் பாவம், வெயிலில் வந்தான் என்று ஓடாத மெஷினுக்குக் கையெழுத்துப் போட்ட மகராசன் நீங்கள் ஒருவர்தான்.

பில், வாரண்டி அட்டையோடு நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகிறேன். "வக்கீல் வேண்டாம்மா, நீங்களே மனு கொடுக்கலாம்" என்று உதவி எண்ணில் ஒரு அம்மா சொன்னார்.

பதினொரு மணிக்கு அந்த மெக்கானிக் மறுபடி வருவானாம். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பேனாவை மட்டும் தொடாதீர்கள்.

பி.கு.: நீலச் சட்டையைத் தேட வேண்டாம். அதுவும் மெஷினுக்குள்தான்.

இன்னொன்று: நீங்கள் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று மனுவில் எழுத வேண்டியிருந்தது. "முட்டாள்" என்று எழுதி, அடித்துவிட்டு, "இரக்க குணம்" என்று எழுதியிருக்கிறேன். அடித்தது நன்றாகவே தெரிகிறது.