தூக்காத பதின்மூன்றாம் ஆள்

புதுச் சுண்ணாம்பின் நெடி பத்து நாளாக என் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. பையிலிருக்கும் சுண்ணாம்பு டப்பா உன்னுடையதுதான். நம் ஆள் மாரியின் நசுங்கிய காலைக் கட்டத் துணி தேடி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் சாமான் கொட்டகையை வாரி இறைத்த அன்று, கிரீஸ் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து அது உருண்டு வந்தது. உள்ளே நீ விட்டுப்போன சுண்ணாம்பு கல்லாகிக் கிடந்தது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன். எதற்கென்று பிறகு எழுதுகிறேன். முதலில் என் தப்பு.

உன்னை நான் முதன்முதலில் பார்த்தபோது நீ சும்மா நின்றுகொண்டிருந்தாய். அதுதான் என் கண்ணில் பட்டது. தண்டவாளம் மாற்றும் கேங்கில் பதின்மூன்று பேர். பன்னிரண்டு பேர் ஜோடி ஜோடியாக ஆறு இடுக்கிகளைப் பிடித்துக் குனிந்திருந்தார்கள். நீ மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பாடினாய்.

"கோவிந்தன் மீசை முறுக்கிக்கிச்சு, ஐலசா!
கொண்டவ வந்தா இறங்கிக்கிச்சு, ஐலசா!"

இரண்டாவது ஐலசாவில் சிரிப்போடு சேர்ந்து தண்டவாளமும் எழுந்தது, தண்ணீர்மட்டம் வைத்ததுபோல. நான் சிரிக்கவில்லை. தொழிற்பள்ளியில் படித்து, ஓவர்சியராக வந்து ஒரு வாரம்கூட ஆகாதவன்.

"நீ ஏன் தூக்கல?" என்றேன்.

"நானும் குனிஞ்சிட்டா இவங்கள யாருங்கய்யா தூக்குறது?" என்றாய். கேங் முழுவதும் சிரித்தது. என்னைவிட உனக்கு நாலைந்து வயதுதான் அதிகம். அந்தச் சிரிப்பு எனக்கு வெகுநாள் உறுத்தியது.

காலையில் வேலை தொடங்கும் முன்னால் வெற்றிலையும் இந்த டப்பாவுமாக எல்லோரிடமும் ஒரு சுற்று வருவாய். ஒரு நாள் சின்னப்பன் வேண்டாம் என்று தலையாட்டினான். நீ ஒன்றும் கேட்கவில்லை. அவனை வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாய்.

"வெத்தலைய வச்சு ஜோசியமா?" என்று கேலி செய்தேன்.

"காய்ச்சக்காரனுக்கு வாய் கசக்கும்யா. வெத்தலை வேணாம்பான். காய்ச்சல்னு மட்டும் சொல்ல மாட்டான், ஒரு நாள் கூலி போயிடுமே. நடுவுல வுட்டு, ரெண்டு பக்கமும் கோவிந்தனையும் மாரியையும் போட்டா, அவன் பாரம் அவனுக்கே தெரியாது."

கேட்டேன். மறந்துவிட்டேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்து, ரயிலுக்குச் சரக்கு குறைந்தது. கேங்குக்கு ஓர் ஆளைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. யாரை என்று எழுத வேண்டியவன் நான். எண்ணூறு ராத்தல் தண்டவாளம். தூக்குகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு அறுபத்தேழு ராத்தல்கூட வராது. நீ போனாலும் இந்தக் கணக்கு மாறாது. உன் பெயரை எழுத எனக்கு அரை நிமிடம் பிடித்தது.

நீ கெஞ்சவில்லை. "ஜோடிய மட்டும் கலைச்சிராதீங்கய்யா" என்றாய். கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் நீ போன காலையில் நான் பாதையோரம் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் கடக்கும்வரை தலை நிமிரவில்லை.

மறுநாளே ஜோடிகளைக் கலைத்தேன். உயரத்துக்கு உயரம் நிறுத்தினேன். பாசார்ச் சந்தையில் நல்ல பித்தளை ஊதல் ஒன்று வாங்கினேன். ஊதினால் பன்னிரண்டு பேரும் தூக்கினார்கள். ஆனால் ஆளுக்கொரு நேரமாகப் பன்னிரண்டு தடவை தூக்கினார்கள். தண்டவாளம் பாம்புபோல நெளிந்துகொண்டு எழுந்தது. திட்டினேன். இன்னும் நெளிந்தது. ஒரு நாள் வெட்கத்தை விட்டு நானே "ஐலசா" என்றேன். "ஐலசா" என்றார்கள், மரியாதையாக.

அப்புறம் மாரியின் கால். அன்று சின்னப்பனுக்குக் காய்ச்சல். அவன் சொல்லவில்லை. இன்னும் ஓர் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. காய்ச்சல் என்று சொன்னால் கப்பல் என்று அவனுக்குப் பயம். அவனை வரிசையின் கோடியில் மாரியோடு நிறுத்தியிருந்தேன், இருவரும் ஒரே உயரம் என்பதால். பாதித் தூரத்தில் சின்னப்பனின் முழங்கால் மடிந்தது. தண்டவாளம் விழுந்து மாரிக்கு வலக்கால் விரல்கள் ஐந்தும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "நீங்க சரியாத்தான் ஊதுனீங்கய்யா" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன்னைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையிடம் போய்க் கேட்டேன். "பாடுவதற்கு ஓர் ஆளா?" என்று சிரித்தார். நானும் ஒரு காலத்தில் கேட்டதுதானே. சரி, கப்பல் சீட்டை நானே எடுத்து அனுப்பிவிடலாம் என்று, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கோவிந்தனிடம் உன் ஊர் விலாசம் கேட்டேன்.

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "யாருக்குங்கய்யா எழுதப் போறீங்க? ஊர்ல எறங்கி ஒரு மாசம்கூட அவன் உசுரோட இருக்கல. காய்ச்சலாம். கடுதாசி வந்து மூணு மாசமாச்சு."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

திரும்பி நடக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், பன்னிரண்டு பேரில் ஒருவன் வாயும் சிவந்திருக்கவில்லை. கேங் முழுவதும் வெற்றிலை போடாமல் வேலைக்கு வந்திருந்தது. அதை நான் கவனிக்கத்தான் செய்தேன். பரவாயில்லையே, இன்று பாதையெல்லாம் எச்சில் கறை இல்லாமல் சுத்தமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

டப்பாவை நிரப்பியது இதற்குப் பிறகுதான். எஞ்சிய ஜோடிகளைப் பழையபடி சேர்த்துவிட்டேன். மாரியின் இடத்தில் ஒரு புது ஆள். தினமும் காலையில் வெற்றிலையோடு உன்னைப்போலவே ஒரு சுற்று வருகிறேன். ஒவ்வொருவன் கையாகப் பார்க்கிறேன்.

பிரயோஜனம் இல்லை. ஓவர்சியர் நீட்டினால் எவன் வேண்டாம் என்பான்? பன்னிரண்டு பேரும் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்கள். இன்று சின்னப்பனும் வாங்கினான். வாயில் போட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை மென்றான். அவனுக்குக் கசந்ததா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. நடுவில் நிறுத்துவதா, கோடியில் நிறுத்துவதா என்றும் தெரியவில்லை.

ஒரு பையில் உன் டப்பா. இன்னொரு பையில் ஊதல். எல்லோரும் இடுக்கியைப் பிடித்துக் குனிந்து காத்திருந்தார்கள்.

ஊதினேன்.