பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஆற்றிலேயே குடியிருக்கும் என் படகுக்காரா,

சிரிக்காதே. ரெண்டு நாளாக உன் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்துதான் கடைக்குப் போகிறேன். காரைத் தொடவே பயம்.

வேகமாகப் போனதுக்கு வசந்தத்தில் போலீஸிடம் ஒரு அபராத டிக்கெட் வாங்கினேனே, அந்தச் சீட்டைத் தொலைத்துவிட்டேன். நம்ம கவுண்டியின் மாவட்டக் கோர்ட்டில் தேடிப் பார்த்து, என் பேரே இல்லை என்றார்கள். பிழைத்தேன் என்று ஒரு முழுக் கேக்கையும் நானே தின்றேன்.

என்னோடு பள்ளி பஸ் ஓட்டும் வெல்டாதான் கேட்டாள்: "உன்னை எங்கடி பிடிச்சான்?"

"பாலம் தாண்டி."

"அடிப்பாவி, பாலம் தாண்டினா பக்கத்துக் கவுண்டிடி! அந்தக் கோர்ட்ல போய்க் கேளு."

போன் போட்டுக் கேட்டேன். பேர் இருக்கிறது. சொன்ன தேதிக்கு நான் போகாததால் பிடிவாரண்டும் இருக்கிறது. திங்கட்கிழமை நானே போய் நீதிபதி முன்னால் நிற்கணுமாம். லைசென்ஸைப் பிடுங்கிவிட்டால், பள்ளி திறக்கும்போது என் பஸ் யார் கையில்? உன் குறட்டையைக்கூடக் கேட்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவு பயம்.

இன்று காலை கடைக்குப் போகையில் ஷெரிப் ஆபீஸ் போலீஸ் வண்டி எதிரே வந்தது. உள்ளே இருந்தவர் சும்மா கையாட்டினார். நான் ரெண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன்.

உன் புல்வெட்டி இப்போது எதிர்வீட்டு ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நிற்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக் குற்றவாளி