ஐம்பத்தெட்டில் நின்ற கோடு

குருபரப்பள்ளி
கீலக வருஷம் மாசி 9

பம்பாயில் இருக்கும் என் பேரன் கிருஷ்ணப்பனுக்கு அவ்வா நாராயணம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

எப்போதும் எழுதித் தரும் ஜோதியம்மாள் டீச்சரிடம் போகவில்லை. இது அவளுக்குத் தெரியக் கூடாத சங்கதி. எழுத்து கோணலாக இருந்தாலும் முழுக்கப் படி.

ஆமணக்கு வாயிதா வியாபாரம் என்று எழுதியிருந்தாய். சரக்கைக் கண்ணால் பார்க்காமலே அடுத்த மாதத்துக்கு இன்றைக்கே விலை பேசி வாங்கி, நாலு நாளில் ஏறியதும் விற்பது என்று. விலை இறங்கிக்கொண்டு வருகிறது, நம் சந்தைக் கணக்கில் மூட்டை ஐம்பத்தெட்டு ரூபாயைத் தொட்டதும், மில்லில் சேர்த்த இரண்டு வருஷச் சம்பளத்தையும் போட்டு வாங்குவேன், அதற்குக் கீழே போகாது, நீ சொன்ன விலைதானே அவ்வா என்கிறாய். எழுத்துக் கூட்டிப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ ஊரைவிட்டுப் போகும் முன் கட்டம் போட்ட தாளை விரித்து, கிருஷ்ணகிரிச் சந்தையில் வாராவாரம் ஆமணக்கு என்ன விலை விற்றது என்று கேட்டாய். ஆறு வருஷத்து விலையையும் சொன்னேன். நீ புள்ளி வைத்துக் கோடு இழுத்தாய். "பாரு அவ்வா, மூணு தடவ அம்பத்தெட்டுக்கு வந்து நின்னு திரும்பியிருக்கு, அங்க ஏதோ தாங்குது" என்றாய். உன் தாத்தா போன பிறகு என் பக்கத்தில் ஒருவர் அத்தனை நேரம் உட்கார்ந்தது அப்போதுதான். எழுந்து போய்விடுவாயோ என்று பயந்து விலையைச் சொல்லிக்கொண்டே போனேன்.

உன் கோடு ஐம்பத்தெட்டில் நின்ற அந்த மூன்று வாரமும் மண்டிக்கார திம்மராயன் ஐம்பதுக்கு மேல் தர மாட்டேன் என்றான். "புருசன் இல்லாத பொம்பள, மூட்டையத் திருப்பித் தூக்கிக்கிட்டா போவ?" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தான். யார் யார் கூடச் சிரித்தார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டுக்கு ஒரு காசு குறையாது என்று சொல்லி, மூட்டையை வண்டியில் ஏற்றித் திரும்பினேன். மூன்று தடவையும் அப்படித்தான். உனக்கு நான் சொன்னது நான் கேட்ட விலை. அவன் சொன்ன விலையை என் வாயால் சொல்ல மனசு வரவில்லை. மற்ற வாரத்து விலை அத்தனையும் நிஜம்.

அந்த இடத்தில் விலை நிற்கவில்லை சாமி. நான்தான் நின்றேன்.

நேற்று பஸ் ஏறிச் சந்தைக்குப் போனேன். நாலு வருஷமாக நான் பேசாத திம்மராயனிடம், அவன் மண்டியிலேயே போய், பேரன் வாங்கப் போகிறான், விலை எப்படி என்று கேட்டேன். உனக்காகத்தான். அறுபது என்றான். "அம்பதுகூட நிக்காதும்மா, பேரனுக்கு எழுது" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அங்கிருந்தே தபாலாபீசுக்குப் போய் வாங்காதே என்று உனக்குத் தந்தி கொடுத்தேன். காரணத்தைத் தந்தி எழுதிக்கொண்ட ஆளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. காரணம் தெரியாமல் நீயும் என் பேச்சைக் கேட்க மாட்டாய், அதனால்தான் இந்தக் கடுதாசி.

முன்னாலேயே வாங்கியிருந்தால் ஒரு வரி எழுது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அங்கேயே இருந்துவிடாதே. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ராத்திரி பஸ்ஸானாலும் கதவைத் தட்டு.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே இருந்தால் நானும் இருப்பேன்.

உன் அவ்வா
நாராயணம்மா