கல்யாணக் காட்சியில் உன் வயலின்

இன்று காலை கீபோர்டைத் துடைத்தபோது துணி கறுத்துவிட்டது. துறைமுகத்து நிலக்கரித் தூள். ஜன்னலைச் சாத்துவது உன் வேலை. நீ போனபின் அது திறந்தே கிடக்கிறது.

பிழைப்பு அப்படியேதான் நடக்கிறது. காலையில் சென்னையிலிருந்து சீரியலின் அன்றைய எபிசோடு வரும். மாலைக்குள் இசை சேர்த்து அனுப்ப வேண்டும். மாமியார் முறைத்தால் ஓர் இடி, மருமகள் திரும்பிப் பார்த்தால் இன்னொன்று. நீ இருந்தவரை கோபத்துக்கு நான், கண்ணீருக்கு நீ. "ஏலே, இடிய நீ போடு. அழ வைக்க நான் இருக்கம்லா" என்றபடி வயலினைத் தோளில் சாய்ப்பாய். நடுவில் கப்பல் சங்கு ஊதினால், அது அடங்கும்வரை வில்லைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பாய்.

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன பிறகு கண்ணீரும் என் தலையில் விழுந்தது. எனக்கு அது வரவில்லை. நீ வாசித்து வைத்திருந்த துண்டுகளையே கணினியிலிருந்து எடுத்து அழுகைக் காட்சிகளுக்குப் போட்டேன்.

ஒருநாள் எபிசோடு முடிந்ததும் உன் மனைவி போன் செய்தாள்.

"இன்னைக்கு அவிய வாசிக்கலையே, அண்ணே?"

அவள் கதை பார்க்கவில்லை. உன் வயலினுக்காக உட்கார்ந்திருக்கிறாள். "எல்லாத்தையும் உன் போனுக்கு அனுப்பட்டுமாம்மா?" என்றேன்.

"வேண்டாம்ணே. நானே போட்டுக் கேட்டா செத்த வீடு மாரி இருக்கும். டிவில வந்தா, அவிய வேலைக்குப் போயிருக்காவன்னு இருக்கு."

அதன்பின் ஒரு நாளும் நீ விடுப்பு எடுக்கவில்லை. அழுகை இல்லாத நாளில் சமையலறைக் காட்சியிலோ கோயில் காட்சியிலோ உன்னை நுழைத்துவிடுவேன். கதாநாயகிக்குக் கல்யாணம் வந்தது. முழு எபிசோடும் மண்டபம்தான். தாலி கட்டும் இடத்தில், நாதஸ்வரத்துக்கு அடியில் உன் வயலினை மெல்ல வைத்தேன்.

இயக்குநர் கூப்பிட்டார். "கல்யாணத்துல எதுக்கு சார் இழவு மியூசிக்? எடுத்துடுங்க."

மன்றாடிப் பார்த்தேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. எடுத்துவிட்டேன்.

அன்று அவள் அழைக்கவில்லை. மறுநாளும் இல்லை. வீட்டுக்குப் போனேன். டிவியின் மேல் ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது.

"கல்யாணத்துக்கே வரலன்னதும் தெரிஞ்சிட்டுண்ணே" என்றாள். "இனி வரமாட்டாவ."

காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த அழுகைக் காட்சிக்கு உன் துண்டுகளைத் திறக்கக் கை வரவில்லை. கீபோர்டில் நானே வாசித்து அனுப்பினேன். அன்றிலிருந்து அப்படித்தான். "இப்பதான் சார் அழுகை கரெக்டா வருது" என்கிறார் இயக்குநர். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.