கவுளி வீடியோவில் இருந்த குரல்

மார்க்கையன்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

கோயம்புத்தூரில் இருக்கும் கிருபாவதி டீச்சருக்கு, பாண்டீஸ்வரியின் அம்மா சந்தனம்மாள் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தை நீங்கள் விசாரிக்க வேண்டாம். நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலைதானே.

உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் என் மகள் இருந்தவரைக்கும் தினமும் உங்கள் பேர் எங்கள் வீட்டில் அடிபடும். நீங்கள் நடத்துகிற வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறு டீச்சர்கள், எந்தப் பாடத்தை எப்படி நடத்தினால் பிள்ளைகளுக்கு ஏறும் என்று பேசிக்கொள்வீர்கள் என்பாள். வருசநாட்டு மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் ஒற்றை டீச்சராகக் கிடந்தவளுக்குப் பேச்சுத்துணை நீங்கள்தான். எனக்கு அது விளங்கவில்லை. வேலை முடிந்து வந்தும் போனைத் தடவிக்கொண்டிருக்கிறாளே என்று தினமும் வைதேன்.

போன புதன்கிழமை பக்கத்து வீட்டு அனுசுயா ஓடிவந்தாள். அவளும் டீச்சர்தான், உங்கள் குழுவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பெரியம்மா, இது ஒங்க கைதான என்று போனை நீட்டினாள். என் கைதான். வெற்றிலைக் கொடிக்கால் ஈரத்தில் ஊறி வெளுத்த விரல், இடது பெருவிரலில் பாதி நகம். நாலாம் வாய்ப்பாட்டுக்காக என்னை வெற்றிலை எண்ணச் சொல்லி, என் மகள் எங்கள் வீட்டுத் தரையில் வைத்து எடுத்த வீடியோ. ஆனால் அதில் பேசுகிறது அவள் இல்லை. நீங்கள்.

அதையாவது சரியாகப் பேசினீர்களா? நாங்கள் ஒரு தள்ளுக்கு நாலு இலை தள்ளுவோம். இருபத்தைந்து தள்ளு ஒரு கவுளி, நூறு இலை. கவுளி முடிந்ததற்கு அடையாளமாக ஓர் இலையைக் குறுக்கே போடுவோம். அது கணக்கில் சேராது. நீங்கள் அதையும் சேர்த்து நூற்று ஒன்று என்கிறீர்கள். கீழே அத்தனை பேரும் அருமை அருமை என்று கைதட்டியிருக்கிறார்கள். நாலை இருபத்தைந்தால் பெருக்கினால் அந்த ஒன்று எங்கேயிருந்து வந்தது என்று ஒருத்தருக்குமா கேட்கத் தோன்றவில்லை? என் மகள் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். எங்க குழுவுல தப்பைச் சொன்னா யாரும் கோவிக்க மாட்டாகத்தா, அதுக்குத்தான அது இருக்கு என்பாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஏன் குரலை மாற்றினீர்கள் என்று அனுசுயா போனில் கேட்டதற்கு, இறந்தவங்க குரலைப் பயிற்சி வீடியோவுல போட்டா எல்லாருக்கும் ஒரு மாதிரி இருக்கும், அவங்க அம்மாவுக்கும் கஷ்டமா இருக்கும்ல, அதனால எல்லாரும் பேசி முடிவு பண்ணினோம் என்றீர்களாம். எல்லாரும் என்றால் யார் டீச்சர்? என்னைக் கேட்டீர்களா? எனக்கு எது கஷ்டம் என்று நீங்கள் ஐந்நூறு பேர் கூடிப் பேசி முடிவு பண்ணுவீர்களா? அவள் பேரைக்கூடப் போடவில்லையே, பேர் என்ன பாவம் செய்தது?

மழையில் வண்டி சறுக்கி அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. அவள் போனும் அங்கேயே நொறுங்கிவிட்டது. போட்டோ இருக்கிறது, மாலை போட்டு மாட்டியிருக்கிறேன். போட்டோ பேசுமா?

அவள் அனுப்பிய பழைய வீடியோ பத்திரமாக இருக்கிறது என்றும், கடைசியில் வேண்டாத பேச்சு கிடந்ததால் அதையும் வெட்டினோம் என்றும் சொன்னீர்களாம். அந்த வேண்டாத பேச்சு நான்தான். எந்நேரமும் அந்தக் கருமத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கியே, வந்து சோத்தைத் தின்னுடி என்று வைதேன். அவள் சிரித்தாள். இருத்தா, ஐந்நூறு டீச்சரும் ஓங் கையைப் பாக்கப் போறாக என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதை வெட்டாமல்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். வெட்டத் தெரியாதவளா அவள்?

எனக்குப் பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம். அந்த நூற்று ஒன்றைத் திருத்துங்கள். அவள் பாடத்தில் அவள் குரலையும் பேரையும் வையுங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கிறவர்கள் கேட்காமல் இருக்கட்டும். முழு வீடியோவையும் அனுசுயா நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கும் பெண்பிள்ளை இருக்கிறாள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை தீர்க்காயுசாக இருக்கட்டும். போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாலும் அவளை வையாதீர்கள். நான் வைதது அந்த வீடியோவில் அப்படியே இருக்கட்டும், டீச்சர். அதற்குப் பிறகுதான் அவள் சிரிக்கிறாள். வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரியின் ஆத்தா,
சந்தனம்மாள்.