தேங்காய்ப்பால் திரிந்த ஞாயிற்றுக்கிழமை

மச்சான்,

மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரமாகப் பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தி பச்சை முந்திரிக்கொட்டையைச் சாக்கில் கொட்டி வைத்திருந்தாள். வெட்டிய கொட்டையின் நெடி மூக்கில் ஏறியதும் வண்டியை நிறுத்திவிட்டேன். உன் மேலுதடு ஞாபகம் வந்து, ரோட்டோரத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்த அம்மா மிரண்டுபோய், "என்னா சார், கொட்ட வேணுமா வேணாமா?" என்றாள்.

நான் உன் அக்காவைக் கட்டிய முதல் கோடை அது. நீ சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். கையில் தூக்கு நிறையக் கத்திரிக்காய் கொத்சு, வாய் நிறையப் பேச்சு. முந்திரி உரிக்க உட்கார்ந்தபோது, கொட்டைத் தோலின் சாறு பட்டால் வெந்துபோகும், கையில் எண்ணெய் தடவிச் சாம்பல் பூசிக்கொள் என்று எத்தனை தடவை சொன்னேன்? "நாங்க பாக்காத முந்திரியா மாமா?" என்றாய். நீங்கள் பார்த்ததெல்லாம் பொங்கலில் மிதக்கும் முந்திரி. நாலு கொட்டை வெட்டிவிட்டு, வியர்க்கிறதென்று மூக்குக்குக் கீழே துடைத்துக்கொண்டாய். மறுநாள் உதடு வெந்து, கறுத்து, மீசைக்கு மேல் இன்னொரு மீசை. நீ வேலை பார்த்த ஜவுளிக்கடையில் ஒரு வாரம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே சேலை விரித்துப் போட்டாயாம்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா நீ? வருஷா வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாய். தர்பூசணியை நாங்கள் தின்று முடித்தால், தோலுக்குள் இருக்கும் வெள்ளைச் சதையைச் சீவிக் கூட்டு வைப்பாய். நுங்கைப் பாலில் போட்டு, ஏலக்காய் தட்டி, உன் அக்காவின் சீர்வரிசைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டுவாய். "பெரிய ஓட்டல்ல இதுக்கு வாயில நொழையாத பேரா வச்சிருப்பான் மாமா. நமக்கு பேரு எதுக்கு, ருசி போதும். சீசன்ல எது ரோட்டுல கொட்டிக் கெடக்குதோ, அதுதான் ராஜா சாப்பாடு" என்பாய்.

கடைசியில் வரும் உன் பெரிய அயிட்டம்: தேவனாம்பட்டினத்துப் பொடி இறால், பச்சை முந்திரி, கிளிமூக்கு மாங்காய், தேங்காய்ப்பால். அதற்கு மட்டும் எல்லோரையும் அடுப்படியிலிருந்து விரட்டிவிடுவாய். "மாஸ்டர் வேல செய்றப்ப யாரும் நிக்கக் கூடாது." உன் அக்கா மட்டும் தண்ணி எடுக்கிறேன் என்று உள்ளே போவாள். பிறகு குழம்பு வரும். வழித்து நக்கிவிட்டு, உன்னைப் புகழ்ந்து புகழ்ந்தே எனக்கு வாய் வலிக்கும்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு கோடை கழிந்துவிட்டது. அந்த இரண்டிலும் உன் அக்கா பச்சை முந்திரியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். இறாலும் கிடையாது, மாங்காயும் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தாலும் என் பக்கம் தள்ளிவிட்டு ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவாள். அழுதால்கூடத் தேற்றலாம். சாப்பாட்டில் ஆசையே இல்லாதவள் மாதிரி இருக்கிறவளை என்ன செய்வது? அதனால்தான் இந்த வருஷம் துணிந்து கொட்டையை வாங்கி, கூடவே இறாலும் மாங்காயும் வாங்கிவிட்டேன். எப்படியாவது அவளை ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும்.

பையைப் பார்த்தாள். நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சரி என்று நானே உட்கார்ந்து உரித்தேன். எண்ணெய் தடவிக்கொண்டுதான், நான் என்ன சிதம்பரத்துக்காரனா? இறாலை வதக்கினேன், முந்திரியைப் போட்டேன், மாங்காயைப் போட்டேன். கெட்டியாகப் பிழிந்த முதல் பாலையும் ஊற்றித் தீயைத் தூக்கி வைத்தேன். கொதித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் திரிந்து, வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு மிதந்தது. கரண்டியும் கையுமாக நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"அடுப்ப அணைங்க மொதல்ல! மாங்கா வெந்துக்கிட்டு இருக்கிறப்ப மொதப் பால ஊத்தி யாராவது கொதிக்க வுடுவாங்களா?"

கரண்டியைப் பிடுங்கினாள். மாங்காய்த் துண்டுகளை அள்ளித் தனியே வைத்தாள். ஒரு பிடி முந்திரியை அரைத்துக் கரைத்தாள், இன்னொரு மூடித் தேங்காயைத் துருவிப் பால் பிழிந்தாள். குழம்பு ஆறியதும் இரண்டையும் ஊற்றிக் கலக்கி, மாங்காயைத் திருப்பிப் போட்டாள். குழம்பு கூடி வந்தது.

"எப்பிடிடீ தெரியும் உனக்கு?"

"எப்பிடித் தெரியுமா? அவனும் வருஷா வருஷம் இதேதான் பண்ணுவான். பால திரிய வுட்டுட்டு, 'அக்கா, மாமாகிட்ட சொல்லிடாத'ன்னு கையப் புடிச்சிப்பான். நான் என்னா தண்ணி எடுக்கவா உள்ள போனேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் மச்சான். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு இரண்டு தட்டைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். "இறால் பத்தல. அடுத்த தடவ கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்று குறையும் சொன்னாள். அவள் வாயால் குறை கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

மாஸ்டராம் மாஸ்டர்! இத்தனை வருஷம் உன்னைப் புகழ்ந்ததையெல்லாம் அன்றைக்கே உன் அக்கா பக்கம் மாற்றிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று அவள் எனக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்துவிட்டாள். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, கடைசியில் ஊற்ற வேண்டும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் இனி ஒவ்வொரு மே மாதமும், மாங்காய் வேகும்போதே முதல் பாலை ஊற்றிக் கொதிக்க விடுவதாக இருக்கிறேன். அவள் திட்டிக்கொண்டே ஓடி வந்து என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கட்டும்.